திருத்தம் ஈ

கரடிப்போக்குச் சந்தியில், டயர்க் கடைக்கு மேலே
எங்கள் மேசை.
கீழே காற்றடிக்கும் இயந்திரம் இரையத் தொடங்கினால்
மேலே பற்றவைக்கும் கை ஒரு மயிரளவு விலகும்.
அதனால் நுண்ணிய வேலையெல்லாம்
பூரணத்தார் மத்தியானம் சாப்பிடப் போகும் நேரத்தில்.

அ-வில் பற்றரியின் கூட்டலும் கழித்தலும்
இடம் மாறிக் கிடந்தன. என் பிழைதான்.
ஒரு நூல் புகை, நகம் கருகும் வாசம்,
ஐம்பது பலகையும் அதோடு சரி.
ஆ-வில் திரையை இணைக்கும் நாடா
நாலு மில்லிமீற்றர் கட்டை.
இ நல்லா இருந்தது, பங்குனி வரைக்கும்.
தகரக் கூரைக்குக் கீழே விளையாடின பிள்ளைகளின் கையில்
பற்றரி வீங்கி, முதுகு மூடி
அப்பம் போல எழும்பிற்று.

புழுதியைப் பற்றியும் சொல்லவேணும்.
தொழிற்சாலை அனுப்பிய தரவுத்தாளில்
மாங்குளத்துச் செம்மண்ணுக்கு ஒரு வரியும் இல்லை.
பத்து லட்சம் அழுத்தலுக்கு உத்தரவாதம் என்ற பொத்தான்
இருபதாம் நாள் கறுக் என்றது.
என் கூட்டாளி சாருகாசன்
பழைய சைக்கிள் ரியூப்பை வட்டம் வட்டமாய் வெட்டி
ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் ஒரு பாவாடை கட்டினான்.
வேலை செய்தது.
வரைபடத்தில் அதற்கு என்ன பெயர் போடுவதென்று
இரண்டு நாள் சண்டை.
பாவாடை என்றே போட்டோம்.

பிறகு, அதிர்வு மோட்டர்.
நகத்தளவு. நூற்று நாற்பது ரூபாய்.
அதைச் சேர்க்கத்தான் இ-யையே தொடங்கினோம்.
திரையில் பாறை வெடித்தால் உள்ளங்கையில் தெரியவேணும்,
காசு கொடுக்கிறவன் அதைத்தான் கேட்பான்.

சோதித்துப் பார்க்க வந்தவர்களில்
பரந்தன் அரிசி ஆலையில் வேலை செய்யும் கேதாரன்.
முப்பத்தெட்டு வயசு.
எங்கள் எல்லாரையும் விட வேகமான பெருவிரல்.
மூன்றாம் கட்டத்தில் பாறை வெடித்தது.
அவர் கருவியை எறியவில்லை.
நிரம்பிய கண்ணாடிக் குவளையை வைப்பது போல
மேசையில் வைத்தார், திரை குப்புற.
வெளியே போய்ப் படியில் இருந்தார்.
தேத்தண்ணி கொண்டு போனோம்.
"பொத்தான் நல்லா இருக்கு, தங்கச்சி.
இடது பக்கம் கொஞ்சம் இறுக்கம்."
படிவத்திலும் அதையேதான் எழுதினார்.

அன்றிரவு மின்வெட்டு. மடிக்கணினியில் நாற்பது வீதம்.
மோட்டரை எடுத்தேன்.
மாற்றப் பட்டியலில் காரணம் என்றொரு கட்டம்,
காலியாய் விட்டால் சேமிக்காது.
விலைக் குறைப்பு என்று தட்டினேன்.
காலையில் சாருகாசன் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.
இடது பக்க ரப்பரையும் மெலிதாக்கினோம்;
உண்மையிலேயே இறுக்கம்தான்.

ஈ வந்தபோது
கொழும்புச் சுங்கத்தில் பெட்டியைத் திறந்தார்கள்.
பச்சைப் பலகையின் மூலையில்
வெள்ளை மையில் ஒற்றை எழுத்து.
இது என்ன?
நாலாவது எழுத்து, சேர்.
பொருள்?
இலையான் என்றேன்.
சிரித்து முத்திரை குத்தினார்.
கொடு என்றும் அதற்கு ஒரு பொருள் உண்டு,
அதை நான் சொல்லவில்லை.
வேறொன்றை அவர் கேட்கவுமில்லை.

மோட்டர் இருந்த இடத்தில்
இரண்டு ஈயப் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன.
தடங்களை மாற்றி வரைய நேரம் இருக்கவில்லை.
பக்கத்தில் பொடி எழுத்தில்: பொருத்த வேண்டாம்.
மூடியைக் கழற்றுகிற எந்தப் பிள்ளையும்
விரலால் தடவிக் கேட்கும்,
இது ஏன் சும்மா கிடக்கு?

அடுத்தது உ.
அப்பாவின் கடைக் கொப்பிகளில்
முதற் பக்கத் தலையில் இருக்கிற எழுத்து.
நாங்கள் ஐந்தாவதாய் வந்து சேர்கிறோம்.
கீழே இரண்டு கோடும் இழுக்கவேணும் என்கிறான் சாருகாசன்.
நான் இன்னும்
மின்தேக்கிக்கு விலை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
பூரணத்தார் வந்துவிட்டார், காற்றடிக்கிறார்.
கையை எடுக்கிறேன்.