மேளத்துக்கு வாய்ப்பூட்டு

செத்ததுதான் செத்தாய், போர்ட்டே,
மேளங்களுக்கு வாய்ப்பூட்டு போட்ட மாதத்திலா?
விதைத்த சோளம் தலைகாட்டும்வரை
தெஷியில் யாரும் சத்தம் போடக்கூடாது.
தேவாலயம்கூட ஒலிபெருக்கியைத் தணித்துவிட்டது.
பக்கத்து வெல்டர்
சுத்தியலுக்குத் துணி சுற்றி அடிக்கிறான்.
உன்னைப் பிணவறைக் குளிரில் விட்டுவிட்டு
முப்பது நாள் மீன் புகைத்தேன்.
புகை நல்லது.
கண் ஏன் சிவந்தது என்று கேட்பாரில்லை.

இன்று ஹோமோவோ.
பசியைப் பார்த்துக் கெக்கலி கொட்டும் நாள்.
குடும்பத் தலைவர் அவித்த சோளமாவை அள்ளி
வாசலில், முடுக்கில், உன் படகின் அடியில்
தூவினார், போனவர்கள் பெயரைச் சொல்லிச் சொல்லி.
உன் பெயர் கடைசியில் வந்தது.
அதற்குள் சேவல் ஒன்று கொத்தத் தொடங்கிவிட்டது.
நீயும் அப்படித்தான்,
பரிமாறுமுன் கை நீட்டுவாய்.

ஒரே சட்டியில் எல்லார் கையும்.
செம்பனைக் குழம்பில் ஒரு மீன்தலை
யாரும் தொடாமல் கிடந்தது.
மேளம் அவிழ்ந்தது. தெருவே குதித்தது.
எனக்குத்தான் தொண்டை திறக்கவில்லை.

மறுநாள், இருள் பிரியுமுன்,
அழுவதற்கென்றே விட்ட வேளை.
வீட்டுக்கு வீடு ஒப்பாரி.
நானும் வாய் திறந்தேன்.
வலையை ஏனடா ஈரத்தோடு சுருட்டி வைத்தாய்,
எலி கடித்துவிட்டதே என்று
வசவுதான் வந்தது,
நாலு தெருவுக்குக் கேட்கும் வசவு.

இருநூறு சீடிக் கடனுக்காக
மூன்று வருடம் என்னோடு பேசாத உன் தங்கை அமெர்லே
செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.
எனக்கு மூச்சு வாங்கிய இடத்திலிருந்து
அவள் உன்னைத் திட்டத் தொடங்கினாள்.