இருபத்தெட்டு நாள்

கிரேட் ஃபால்ஸ் கல்லூரியில்
மூன்றாம் எண் கவுண்டர் என்னுடையது.
படையை விட்டு வந்தவர்கள்
வாரத்துக்கு எத்தனை மணி நேரம் படிக்கிறார்கள் என்று
அரசுக்கு எழுதி அனுப்பும் வேலை.
எழுதினால் பணம் வரும்.
மறந்தால் யாருக்கோ வாடகை பாக்கி.
இவ்வளவுதான் என் அதிகாரம்.

ரோவீனா ஸ்டிக்னி ஆறு வருடம் காவலிருந்தவள்.
மொன்டானாவின் கோதுமை வயல்களுக்கு அடியில்
கான்கிரீட் மூடிக்குள் உறங்கும் ஏவுகணைக்கு.
"அங்கே என்ன நடந்தது?" என்றேன், படிவத்துக்காக.
"ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் வேலை."

கைவசமுள்ள திறன் என்ற கட்டத்தில்
காத்திருத்தல் என்று தட்டினாள்.
கணினி ஏற்கவில்லை.
பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது.
லாரி ஓட்டுதல் இருந்தது.
அவளுக்கு லாரி ஓட்டத் தெரியாது.
லாரி ஓட்டுதல் என்று போட்டோம்.

முப்பத்தாறு மாதம்
அரசு அளந்து போட்ட படி.
அதை வைத்துத்தான் படிக்க வேண்டும்.
அதில் பாதியைப் படையிலேயே தின்றிருந்தாள்,
இரவுக் காவலுக்கு நடுவே இணையத்தில் மேலாண்மை.
எதை மேலாள என்று அவளுக்கே தெரியாது.
இங்கே வந்ததும் வெல்டிங்.
முகமூடிக்குள் மூச்சு முட்டியது.
நான்கு மாதம் போனது போனதுதான்.
பிறகு சுவாச சிகிச்சை:
மூச்சு முட்டியவள்
மூச்சைப் படிக்கப் போனாள்.

போன டிசம்பர்.
பதினைந்தாம் தேதி வகுப்பு முடிந்தது,
திறப்பது ஜனவரி பதின்மூன்று.
வகுப்பில்லாத நாளுக்கு வாடகைப்படி இல்லை.
கண்ணாடியில் முழங்கையை ஊன்றிக் கேட்டாள்:
"வீட்டுக்காரருக்கும் விடுமுறையா?
என் பையன் வயிற்றுக்கு?"

விதி, என்றேன்.
நான் சொன்னது சட்டத்தை.
அவள் கேட்டது வேறு விதியை.

வாரம் இரண்டு முறை பிளாஸ்மா கொடுத்தாள் அந்தக் குளிரில்.
முழங்கை மடிப்பில் பருத்திப் பஞ்சு, ஊதா நாடா.
எனக்குத் தெரியும்.
அதற்கும் என்னிடம் கட்டமில்லை.

இந்த அக்டோபரில் சுவர்க் காலண்டரைக்
கழற்றியே எடுத்துக்கொண்டு வந்தாள்.
போன வருடத்தினதும் உள்ளே சுருட்டியிருந்தது.
ஒவ்வொரு நாளிலும் பென்சில் கோடு.
"நவம்பர் பதினெட்டோடு தீர்கிறது.
கடைசிப் பருவத்துக்குப் பணமில்லை.
வால்மார்ட்டில் கேட்டிருக்கிறேன்."

பென்சிலை வாங்கிக்கொண்டேன்.
முதலில் கணக்குச் சரியாகத்தான் இருந்தது,
போன டிசம்பர் வரும்வரை.
அங்கே இருபத்தெட்டு கோடுகள்.

"இவற்றை அழி" என்றேன்.
"பணம் தராத நாளை அவர்கள் கழிப்பதில்லை."

அழித்தாள். ரப்பர் தூளை ஊதினாள்.
மறுபடி எண்ணினோம், அவள் உரக்க, நான் உதட்டுக்குள்.
நவம்பர் பத்தொன்பது, இருபது...
வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள்.
பருவம் முடிகிற டிசம்பர் பதினைந்தில்
இருபத்தேழு.

"ஒரு நாள் மிச்சம்" என்றாள். "ஒரு நாளை வைத்து?"

"பருவம் தொடங்கும் காலையில்
ஒரே ஒரு நாள் கையிலிருந்தால் போதும்,
பருவம் முழுக்க அவர்கள் செலவு."
இதுவும் விதிதான்.
அதைச் சொல்லவில்லை.

அழுவாள் என்று நினைத்தேன்.
காலண்டரைச் சுருட்டினாள், பிரித்தாள்.
"அந்த இருபத்தெட்டு நாளும் நான் ஊசியில் இருந்தேன்."
"ம்."
"அப்படியானால் கடைசிப் பருவத்தை
வாங்கிக் கொடுத்தது அரசில்லை."

நான் பதில் சொல்லும் பதவியில் இல்லை.

"அந்த ஒரு நாளைக் காட்டுங்கள்."
அரசு அடுத்துக் கழிக்கப்போகும் நாட்களையும் கழித்து
திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
மாதம் 00. நாள் 01.
நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.
அது அசையாமல் பார்த்துக்கொள்வது
இப்போதும் தன் பொறுப்பு என்பதுபோல.

எனக்கு மதிய உணவு நேரம்.
கவுண்டரை மூடவில்லை.