இரண்டரை மணி நேரம்

கைக்கடிகாரத்தை இன்னும் மாற்றவில்லை.
பதினேழு நாளாய்
அது கிள்ளானில்தான் ஓடுகிறது.
நேரம் வேண்டுமென்றால்
இரண்டரையைக் கழித்துக்கொள்வேன்.

கீழ்ப்பாக்கம். அரசு மருத்துவமனையில்
நோயாளிகளின் கூட வந்தவர்கள் படுக்கும் நீளக் கூடம்.
இரவு எட்டிலிருந்து காலை ஆறு வரை
உதவி மேசையில் நான்.
மேசைக்கு மூன்று கால், நான்காவது செங்கல்.

ரத்த வங்கி எந்தப் பக்கம்,
இந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது,
சார்ஜர் இருக்கிறதா,
வெந்நீர் எப்போது வரும்.
சிலர் எதுவும் கேட்பதில்லை.
எதிரே வந்து கொஞ்சம் நின்றுவிட்டுப் போவார்கள்.
அவர்களையும் எழுதிவைக்கத் தோன்றும்,
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

முதல் நாள் குல்சார் பேகத்திடம்
"பசியாறிட்டீங்களா?" என்றேன், எங்கள் ஊர் வழக்கப்படி.
பக்கத்துப் பாய்க்காரர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.
அன்றிலிருந்து என் பெயர் பசியாறி.
"பசியாறி, ஃபேன் சுத்தல."
"பசியாறி, பதினாறாம் பெட்டுக்கு ஆளைக் கூப்பிடுறாங்க."
ஒரே மொழிதான்.
என் வாயில் மட்டும் அது
சுங்கத்தில் பிரித்துப் பார்த்துத்
திரும்பக் கட்டிய பெட்டிபோல் இருக்கிறது.

தீபாவளி நெருங்க நெருங்க
மற்ற தன்னார்வலர்கள் கழன்றுகொண்டார்கள்.
கிளாம்பாக்கத்தில் பஸ் கிடைத்ததும் படம் அனுப்பினார்கள்,
ஜன்னலோர சீட்டு, மடியில் முறுக்குப் பொட்டலம்.
"நீங்கதான் எங்கேயும் போகலையே."
அவர்களுடைய இரவுகளும் என் கணக்கில் விழுந்தன.
விமானச் சீட்டு விலையை
நான்கு முறை பார்த்து மூடியதை
யாரிடமும் சொல்லவில்லை.

கடைசி இரவு.
மழை விட்டுவிட்டுப் பெய்தது.
விட்டபோதெல்லாம் பூந்தமல்லி சாலைப் பக்கம் சரவெடி.
தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே காதைப் பொத்திக்கொண்டார்கள்.
காவலர் டில்லிபாபு
தீக்காயப் பிரிவு வாசலில்
ஸ்ட்ரெச்சர்களைத் துடைத்து வரிசையாக நிறுத்தினார்.
"நாளைக்கு இது பத்தாது" என்றார்,
பந்திக்கு இலை எண்ணுகிறவர்போல.

அம்மாவின் குரல் செய்தி வந்தது:
எண்ணெய் வெச்சாச்சு, உன் பங்குக்கு
ஒரு சொட்டு தரையில விட்டேன், அப்பா வழுக்கிட்டார்.
இரண்டாம் முறை கேட்டுக்கொண்டிருந்தபோது
கும்மிடிப்பூண்டி பரஞ்சோதி எழுந்து வந்தார்.
"மணி என்னம்மா?"
"ஆறு."

பாயைச் சுருட்டினார், முகம் கழுவினார்,
தூக்கு வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.
கழிக்க மறந்தது அப்புறம்தான் உறைத்தது.
மேசையை விட்டு எழ முடியாது.
மூன்றரை மணி. மழை. அறுபது வயது.

அரை மணி கழித்து நனைந்து வந்தார்.
வாளி நிறைய டீ.
"பண்டிகைன்னு கடை திறந்திருந்துச்சு.
மணி மூணரைதானாமே. நீ எந்த ஊர் மணி சொன்ன?"
"எங்க ஊர் மணி."
பேப்பர் கப்பில் எனக்கு ஊற்றியபடி யோசித்தார்.
"அப்ப அங்க விடிஞ்சிருக்கும்."
"இல்லைங்க. ஏழுக்குத்தான் விடியும்.
அங்கேயும் இருட்டுதான்."

கோபப்படுவார் என்று நினைத்தேன்.
பாயை விரிக்கவுமில்லை.
சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு
கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கேட்டார்,
"இப்ப உங்க ஊர்ல?"
ஆறே முக்கால்.
"இப்ப?"
ஏழு.
"விடிஞ்சிடுச்சா?"
"விடிஞ்சிருக்கும்."

எழுந்து ஐ.சி.யூ. கதவுக்குப் போனார்.
உள்ளே விட மாட்டார்கள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
குழாய்களுக்கு நடுவே மனைவி.
விழித்திருந்தாரோ என்னவோ, இங்கிருந்து தெரியவில்லை.
இவர் கையைத் தூக்கி
கிழக்கென்று நினைத்த ஒரு பக்கத்தைக் காட்டினார்.

கீழே,
முதல் ஸ்ட்ரெச்சரின் சக்கரம் கிறீச்சிட்டது.
பேனாவைத் தேடினேன்.