பெயரிடாத பதினொரு நிமிடங்கள்

முப்பத்திரண்டு துளைகள் உள்ள தொப்பி.
ஒவ்வொரு துளையிலும் ஊசியில்லாச் சிரிஞ்சால்
ஜெல் வைப்பது என் வேலை.
“குளிருது” என்றாள் ஐலி.
வெளியே தார்த்து நகரத்துப் பிப்ரவரி.
ஆறு கல்லாகிக் கிடந்தது.

ஐம்பத்து மூன்று வயது, பிறவியிலேயே பார்வையில்லை.
வீடுகளுக்கு வெப்பம் அனுப்பும் நிறுவனத்தில்
புகார்த் தொலைபேசி எடுப்பவள்.
“காலையிலேர்ந்து நாற்பது பேர் கோபத்தைக்
கேட்டுட்டு வந்திருக்கேன்.
என்னோடது எங்கயாவது மிச்சமிருந்தா
தேடிப் பாருங்க.”

ரைத் பொத்தானை அழுத்தினான்.
குழந்தையின் சிரிப்பு. கண்ணாடி உடையும் ஒலி.
பிறகு ஒரு பெண்ணின் அலறல்.
ஐலியின் உதட்டோரம் சுழித்தது.
“சம்பளத்துக்கு அலறுறா.
மூச்சிழுத்த விதத்திலேயே தெரியுது.”
அச்சம் வரவேண்டிய கட்டத்தில்
இயந்திரம் பச்சை காட்டியது.
பிழை என்று குறித்துக்கொண்டான் ரைத்.

பச்சை அமைதி, சிவப்பு சினம்,
நீலம் துயரம்;
மஞ்சள் அன்று வரவேயில்லை.
சுவர் அகலத் திரையில்
நிறம் மாறி நிறம் மாறி
ஓடிக்கொண்டிருந்தது அவள் மனம்.
நான் பார்த்தேன். ரைத் பார்த்தான்.
தண்ணீர்க் கேன் மாற்ற வந்த பையனும்
கேனை இறக்காமல் நின்று பார்த்தான்.

“இப்ப என்ன காட்டுது?”

“நீலம்” என்றேன்.

“நீலம்னா?”

பையன் கேனைக் கீழே வைத்துவிட்டுப் போனான்.
அவள் நெஞ்சுக்கு ஒரு சன்னல் வைத்திருந்தோம்,
அவளைத் தவிர எல்லாருக்கும் எட்டும் உயரத்தில்.

மறுவாரம் திரையை அணைத்துவிட்டு
ஒரே ஒரு சுரம் பொருத்தினேன்.
மனம் தணிந்தால் இறங்கும், கிளர்ந்தால் ஏறும்.
அவள் காதுக்கு மட்டும்.

முதலில் முகம் சுருங்கியது,
யார் வீட்டுக் கதவையோ தவறித் திறந்ததுபோல.
பிறகு சிரித்தாள்.
சிரிப்புக்குச் சுரம் ஏறியிருக்க வேண்டும்,
அதைக் கேட்டு இன்னும் சிரித்தாள்.
அதை அடக்கப் பதினேழாம் வாய்பாட்டை
முணுமுணுத்துப் பார்த்தாள்.
நூற்றிரண்டில் நின்றுவிட்டது.

அப்புறம் எதுவும் சொல்லவில்லை.
நாங்கள் ஒலி எதுவும் போடவில்லை.
சன்னலோரத்து வெப்பக்குழாய் டிக் டிக்கென்றது.
நாற்காலிக் கையை அவள் விரல்கள்
மெல்ல, மிக மெல்லத் தடவிக்கொண்டிருந்தன,
உறங்குகிற ஒன்றை எழுப்பிவிடாமல்.

பதினொரு நிமிடம்.

“இந்த இடத்துக்கு என்ன பேர் போட?”
ரைத் என்னைக் கேட்டான், தாழ்ந்த குரலில்.
அவளுக்குக் கேட்டிருக்கும்.
பதில் சொல்லவில்லை.
அட்டவணையில் அந்தக் கட்டம்
இன்றைக்கும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

தலையில் ஒட்டிய ஜெல்லைக் கழுவக்
குழாயடிக்கு அழைத்துப் போனேன்.
திறந்தால் பனிக்கட்டித் தண்ணீர்.
வெந்நீர் வரும் வரும் என்று
இருவரும் காத்து நின்றோம்.

“வராது” என்றாள் ஐலி,
சொட்டும் தலையை நிமிர்த்தாமல்.
“காலையில எட்டு மணிக்குப் புகார் எண்ணுக்குக் கூப்பிடுங்க.
நல்லாக் கோபமாப் பேசுங்க.
நான்தான் எடுப்பேன்.”