விருந்தினர் பக்கத்து ஏழு

கோல் பலகையில் விருந்தினர் பக்கம்
ஏழுக்கு மேற்கோடு எரிவதில்லை.
பதினொரு வருஷமாய்
எங்களை ஏழு கோல் அடித்து வென்றவர்களெல்லாம்
பலகைப்படி ஒரு கோலோடுதான் ஊர் திரும்பினார்கள்.
விசையை அழுத்துபவள் நான்.
பகலில் தபால் நிலையம்,
ராத்திரியில் பொய்க்கணக்கு.

சஸ்காச்சுவான் சமவெளியில்
ரயில் ஊதிவிட்டு நிற்காமல் போகும் ஊர்.
வங்கி போயிற்று. பள்ளிக்கூடம் போயிற்று.
தானியக் கோபுரத்தை ஒரு செவ்வாய்க்கிழமை
மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தள்ளிவிட்டார்கள்.
மிச்சம் இந்தத் தகரக் கொட்டகை,
அதற்குள் ஓரங்குலப் பனித்தரை.
வெளியே குளிர் இனாமாய்க் கொட்டிக் கிடக்க
உள்ளே மின்கட்டணம் கட்டிக் குளிர் செய்கிறோம்.
சிரியுங்கள், பரவாயில்லை.
எங்கள் ஊர் குளிர்காய்வது
இந்தப் பனிக்கட்டியின் மேல்தான்.

ஓட்டுப்பெட்டி இங்கே, தடுப்பூசி இங்கே,
வெள்ளிக்கிழமை பிங்கோ இங்கே.
ரோவீனா திமானோவின் கடையில்
உருளை வறுவலுக்கும் லும்பியாவுக்கும் ஒரே எண்ணெய்.
போன ஆகஸ்டில் பனி உருக்கிய வெறும் சிமெண்டில்
மைரன் குசிக்கின் மனைவிக்குக் கடைசிப் பிரார்த்தனை.
நாற்காலி போதவில்லை.
தண்டனைப் பெட்டிக்குள் உட்கார்ந்து
அழுதார் பாதிரியார்.

ஜனவரியில் கம்ப்ரசர் செத்தது.
கூடவே பாய்லரும்.
அன்றைக்கென்று மேற்கே மலைதாண்டிச் சினூக் காற்று வந்தது,
அழைக்காத மாப்பிள்ளை போல,
இரண்டு நாள் தங்கியது.
நடுக்கோட்டின் சிவப்பு கரைந்து
கோல் வாசல்வரை ஒழுகியது.
மூன்றாம் நாள் அந்தியில் காற்று திரும்பிற்று.
மைனஸ் முப்பத்தொன்று.
மறுநாள் மதியம் ஆட்டம்.

"கதவையெல்லாம் திற," என்றார் மைரன்.
"வெந்நீர் வேண்டும். வெந்நீர்தான் வழவழப்பாய் உறையும்."

பக்கத்து க்ரீ குடியிருப்பில் தண்ணீர் லாரி ஓட்டும்
டெல்ஃபீன் வைட்கேப்
வீடு வீடாய் வந்து குழாய் நீட்டினாள்.
குளிக்க வைத்த வெந்நீர்,
பாத்திரம் கழுவ வைத்த வெந்நீர்,
முதியோர் இல்லத்தில் பதினாறு பேர் கால் நனைக்க வைத்த வெந்நீர்.
அன்று ஊரில் ஒருவரும் குளிக்கவில்லை.

மைரனும் அண்ணன் ஒரெஸ்ட்டும்
கால் செக்ஷன் நிலத்துக்காக
ஒன்பது வருஷம் பேசாதவர்கள்.
அன்றும் பேசவில்லை.
ஆனால் ஹோஸ் கனம்.
ஒருவர் முனையைப் பிடித்தால்
ஒருவர் வாலைத் தூக்கத்தான் வேண்டும்.
மெல்லிசாய் ஒரு தெளிப்பு, காத்திருப்பு,
மறுபடி ஒரு தெளிப்பு.
கொட்டகை முழுக்க ஆவி.
யார் மூச்சு, யார் வீட்டுத் தண்ணீர்,
ஒன்றும் தெரியவில்லை.

விடிந்தபோது தரை இருந்தது.
இடது வட்டத்தருகே மட்டும் தேநீர் நிறத்தில் ஒரு திட்டு:
ஒரெஸ்ட் கிணற்றின் இரும்புச்சத்து.
பக் அந்த இடம் வந்தால் கொஞ்சம் தயங்கியது.
டெல்ஃபீனின் பையன் அதைக் கண்டுபிடித்து
அங்கிருந்தே இரண்டு கோல் போட்டான்.

தோற்றோம். ஏழுக்கு இரண்டு.
பலகையில் ஒன்றுக்கு இரண்டு.
அந்த ஊர்ப் பயிற்சியாளர் நிமிர்ந்து பார்த்தார்.
விரல்விட்டு எண்ணினார்.
பிறகு தரையைப் பார்த்தார், திட்டைப் பார்த்தார்,
பெஞ்சில் வாய் திறந்து தூங்கும் மைரனைப் பார்த்தார்,
ரோவீனாவிடம் போய் ஒரு காப்பி வாங்கிக்கொண்டார்.

புதன்கிழமை கம்ப்ரசர் பழுதுபார்க்க
ரெஜைனாவிலிருந்து ஆள் வந்தான்.
போகிறபோது பலகையைக் காட்டி,
"அந்தக் கோட்டையும் சரிசெய்து தரவா?
பத்து நிமிஷ வேலை" என்றான்.

அதற்கு இந்த வருஷம்
பணம் ஒதுக்கவில்லை என்றேன்.