இடைவெளிக்கான காரணம்

செவ்வாய்க்கிழமை. கரண்ட் போய் அரை மணித்தியாலம்.
சிவகடாட்சம் வந்தார், பின்னால் மனைவி,
இன்னும் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிவேதிகா.
மண்டபம் முகாமிலிருந்து வந்து நாற்பது நாள்.
ஒட்டுசுட்டான் றோட்டில் தறப்பாள் கூரை.
பிளாஸ்டிக் உறையொன்றை என் மேசையில் கவிழ்த்தார்:
பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்.
ஐந்நூறுக்கு நானூற்றுப் பன்னிரண்டு.
"இதுக்கு இங்க என்ன ரேங்க், மேடம்?"

இங்கே கூட்டுத்தொகை இல்லை, எழுத்துத்தான்.
ஏ, பி, சி, எஸ்.
"எஸ்ஸுன்னா ஃபெயிலா?"
இல்லை ஐயா, எஸ் தப்பிவிடும். டபிள்யூதான் தப்பாது.
பழைய பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டார்:
எஸ் தப்பும். டபிள்யூ தப்பாது.
தலைகீழாக வாசிக்கையில்
ஆட்களின் பெயர்ப்பட்டியல்போல் இருந்தது.

ஒன்பது பாடம் என்றேன்.
சமயமும் பாடம் என்றேன்.
மனைவி முதன்முதலாக வாய் திறந்தார்:
"சாமி கும்பிடுறதுக்கும் மார்க்கா?"
சைவமா, கத்தோலிக்கமா?
"ரெண்டுக்கும் நேர்த்தி இருக்கே."
ஒன்றைத்தான் எழுத இடமிருக்கிறது.
வரலாறு கட்டாயம் என்றேன்.
எந்த வரலாறு என்று கேட்பார்களென
பதிலோடு காத்திருந்தேன். கேட்கவில்லை.

அதிபர் பதினோராம் தரத்தில் இருத்தச் சொல்கிறார்,
டிசம்பரில் ஓ.எல். எடுக்கவேண்டும்.
அப்போதுதான் சிவகடாட்சத்தின் தமிழ் மாறியது,
பத்து வயதில் படகேறிய தமிழ் திரும்பி வந்தது:
"என்ன கதை இது ரீச்சர்!
பாஸ் பண்ணின சோதினைய இன்னொருக்காவோ?"
நிவேதிகா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்,
"நான் பிளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் சயின்ஸ்."
எங்கள் பள்ளியில் கணினி எட்டு.
வேலை செய்பவை மூன்று. அதையும் சொன்னேன்.

பிறகு இசட் புள்ளிக்கு வந்தேன்.
சராசரி, விலகல், மாவட்டம், வெட்டுப்புள்ளி,
தாளில் மலைபோல் ஒரு கோடு கீறினேன்.
முல்லைத்தீவுக்கு வேறு கணக்கு,
கொழும்புப் பிள்ளையைவிடக் குறைய எடுத்தாலும்
கம்பஸ் கிடைக்கலாம்.
"அப்ப இங்க இருக்கிறது நல்லதா?"
இந்த ஊரைப் பற்றி இந்தக் கேள்வியை
இதுவரை எவரும் என்னிடம் கேட்டதில்லை.
ஓம் என்று சொல்ல வாயெடுத்து
தண்ணீர் குடித்தேன்.

விண்ணப்பத்தில் பதினான்காவது கட்டம்:
கல்வியில் இடைவெளி இருப்பின் காரணம்.
பேனா அங்கே நின்றது.
"ஆறு மாசம் சும்மா இருந்திருக்கு பிள்ள.
பேப்பர் வரல்ல, டிக்கெட் வரல்ல.
இத எழுதினா சேர்க்கமாட்டாங்களா?"
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
இந்த வலயத்தில் அந்தக் கட்டத்தை
வெறுமையாக விட்டவர் குறைவு, ஐயா.
என் கோவையில் இரண்டு வருடம் இருக்கிறது.
காரணம் என்று கேட்ட இடத்தில் நான் எழுதியது
ஒரு சொல்: நிலைமை.
அதற்கே வேலை தந்தார்கள்.

மனைவி பேனாவை வாங்கினார்.
எழுத்துக்கூட்டி, மெல்ல, அழுத்தி,
"வந்துகொண்டிருந்தோம்" என்று எழுதினார்.
நான் திருத்தவில்லை.

மூன்று கிழமை கழித்து
வெளி வாங்கிலில் அவருடைய குரல்.
திருச்சி முகாமிலிருந்து வந்த இன்னொரு குடும்பம்,
அவருடைய மடியில் அதே பஸ் டிக்கெட்.
எஸ்ஸைச் சரியாகச் சொன்னார்.
சமயத்தைச் சரியாகச் சொன்னார்.
இசட் புள்ளியை
காற்றில் விரலால் மலை கீறி,
ஐந்நூறுக்கு எத்தனை என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்,
என்னைவிடத் தெளிவாக,
முழுக்கப் பிழையாக.
கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன்.