மூன்றாம் வாசல்

ஒன்றாம் வாசலில் காற்றைப் பிடித்து
அமோனியா ஆக்குகிறார்கள், உரத்துக்கு.
மூன்றாம் வாசலில் நாங்கள்
கழிவுநீரோடு தப்பி வந்த அமோனியாவை
மறுபடி காற்றாக்குகிறோம்.
இரண்டுக்கும் ஒரே முதலாளி.
சம்பளம் அங்கே கொஞ்சம் கூடுதல்.

ஒன்றாம் வாசலில் இருப்பவன் விட்டோல்ட்,
பதினோரு வருஷம் என் கணவன்.
இப்போது அவன் சிந்துவது மட்டும்
குழாய் வழியே என்னிடம் வருகிறது.
லிட்டருக்கு ஆயிரத்து இருநூறு மில்லிகிராம்,
ஞாயிற்றுக்கிழமைகளில் சற்று அதிகம்.

காரம் சேர்த்தால்
நீருக்குள் அதற்கு இருப்புக் கொள்ளாது.
நீராவி தூக்கிக்கொண்டு கோபுரம் ஏறும்.
மேலே, முந்நூறு டிகிரிச் சூட்டில்,
பட்டாணி அளவுக் கரிய உருண்டைகள்
அடுக்கடுக்காய்க் கிடக்கும்.
வினையூக்கி என்று பெயர்.
ஒன்று என் கோட்டுப் பையில் இருக்கிறது,
பஸ் டிக்கெட்டோடும் இருமல் மாத்திரையோடும்.
எத்தனை டன் வாயு அதன்மேல் கடந்துபோயிருக்கும்!
தேயவில்லை.
ஓரம் உடைந்தது என் பூட்ஸ் மிதித்து.

ஜனவரி. விஸ்துலா பாதி அகலம் உறைந்த இரவு.
ஜெனோன் ஓடி வந்தான், கையில் காகிதம்:
"இரண்டு! பார் போகுமிவா, வெறும் இரண்டு!"
சட்டம் கேட்பது பத்து.
சூட்டை நூறு டிகிரி ஏற்றியிருந்தான்,
என்னிடம் கேட்காமல்.

சிகரெட்டுக்காக இரும்புப் படியில் நின்றேன்.
தேடுவிளக்கின் வெளிச்சத்தில்
புகைபோக்கியின் வாயிலிருந்து
வடித்த தேயிலை நிறத்தில் ஒன்று எழுந்து
பனியின்மேல் சாய்ந்துகொண்டிருந்தது.

தேவைக்கு மேல் எரித்தால்
நைட்ரஜன் தன் ஜோடியோடு வீடு திரும்பாது.
ஆக்சிஜனின் கையைப் பிடித்துக்கொண்டு
பழுப்பாய்ப் போகும்,
எங்கோ ஒரு முட்டைக்கோஸ் வயலில்
அமிலமாய் இறங்கும்.
நீர் சுத்தம், காகிதம் சுத்தம்.
புகையை அளப்பவர் வருவது வியாழக்கிழமைதான்.

பத்துப் பத்து டிகிரியாக இறக்கினேன்.
அவசரப்பட்டால் உருண்டைகள் வெடிக்கும்.
ஜெனோன் பேசவில்லை.
இரண்டு நான்கானது. நான்கு ஆறானது.
அவன் நகம் கடித்தான்.
நான் உருளைக்கிழங்கு ரொட்டியைப் பாதி தின்று
மீதியை அவன் பக்கம் தள்ளினேன்.

ஐந்து மணிக்குப் புகை வெளிறியது.
பிறகு, புகைபோக்கிக்கு மேல்
வெறும் ஆவி. அதற்கும் மேல்
ஒன்றும் தெரியவில்லை,
நிறமும் வாசனையும் இல்லாதது
போய்க்கொண்டிருந்தது.

ஆறுக்கு விட்டோல்ட் சைக்கிளைத் தள்ளியபடி
வேலிக்கு அந்தப்பக்கம் போனான்.
குல்லாயைத் தொட்டான், எனக்காகவா குளிருக்காகவா.
நான் விட்டதில் ஒரு மூச்சு
அவனுக்குள்ளும் போயிருக்கலாம்,
பகலில் அவன் கம்ப்ரெஸருக்குள்ளும்.

உள்ளே ஜெனோன்
பதிவேட்டில் அளவை எழுதிக்கொண்டிருந்தான்.
ஏழு.
அதன் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு,
அழுத்தி.